தை செங்கிலிருந்து ஜூரோங் வரை ஒரே லேன்: நீட்டலாமா, வேண்டாமா?

போன மாதம் சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, முன்பு என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். இடது பக்கம் ஒரு பெட்டி, "தை செங்". வலது பக்கம் ஒரு பெட்டி, "ஜூரோங்". நடுவில் ஒரு தடித்த கோடு.

"அண்ணே, இந்தக் கோட்டுல என்ன போடணும்? டார்க் ஃபைபரா, இல்ல டெல்கோகிட்ட ஈதர்நெட் லைன் வாங்கிடலாமா? மேனேஜர் வெள்ளிக்கிழமைக்குள்ள கேக்கிறார்."

டார்க் ஃபைபர் என்றால் வெறும் கண்ணாடி இழையை வாடகைக்கு எடுத்து, ஒளியை நாமே பாய்ச்சிக்கொள்வது. ஈதர்நெட் லைன் என்றால் தொலைத்தொடர்பு நிறுவனம், அதாவது டெல்கோ, தானே ஓட்டித் தரும் இணைப்பு. தம்பியுடையது சரக்குக் கையாளும் நிறுவனம், நடுத்தர அளவு. தை செங்கில் ஒரு தரவு நிலையத்தில் நான்கு ரேக் (சர்வர்களை அடுக்கும் அலமாரி) வாடகைக்கு எடுத்து ஆறு வருடமாகிறது. இப்போது ஜூரோங்கில் வேறொரு தரவு நிலையத்தில் இரண்டு ரேக் எடுக்கப்போகிறார்கள். மேனேஜருக்கு வேண்டியது இதுதான்: எந்த விர்ச்சுவல் மெஷினையும் (விஎம், ஒரு சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) இங்கிருந்து அங்கே தூக்கிப் போட்டால் ஐபி முகவரி மாறாமல் ஓட வேண்டும். "ரெண்டும் ஒரே லேன் மாதிரி இருக்கணும்." லேன் என்பது ஓரிடத்துக் கருவிகள் ஸ்விட்ச் வழியாக நேரடியாகப் பேசிக்கொள்ளும் நெட்வொர்க். அதை இரண்டு இடத்துக்கும் இழுப்பதைத்தான் நீட்டுவது என்கிறோம்.

நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன்: "தை செங்கில் ஒரு ஸ்விட்ச் பைத்தியம் பிடித்து ஆடினால், ஜூரோங்கிலும் அது ஆட வேண்டுமா?" அவர் சிரித்தார். ஆனால் ஒரே லேன் என்று கேட்பவர், தெரிந்தோ தெரியாமலோ, இதையும் சேர்த்தேதான் கேட்கிறார். கோட்டில் எந்தக் கேபிளைப் போடுவது என்பதை அதற்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

தூரம் இங்கே தடையில்லை, அதுதான் சிக்கல்

கிழக்கிலிருந்து மேற்கே நம் தீவு ஏறத்தாழ 50 கிலோமீட்டர், வடக்கிலிருந்து தெற்கே 27. தை செங்கிலிருந்து ஜூரோங்கின் மேற்குப் பகுதி வரை நேர்கோட்டில் 20 கிலோமீட்டர் அளவுதான் வரும். ஃபைபர் நேர்கோட்டில் போகாது. சாலையோரக் குழாய்களில் வளைந்து, எக்ஸ்சேஞ்சுகளைத் தொட்டுக்கொண்டு வரும். கணக்குக்காக 32 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது, அதாவது கிலோமீட்டருக்கு 5 மைக்ரோவினாடி. போய் வர 64 கிலோமீட்டர், 320 மைக்ரோவினாடி. ஒரு மில்லிவினாடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இரு இடச் சர்வர்களின் சேமிப்பகத்தை ஒன்றாக்கும் விஎம்வேரின் விசான் ஸ்ட்ரெட்ச்டு கிளஸ்டருக்கு இரண்டு தளங்களுக்கு இடையே 5 மில்லிவினாடி வரை அனுமதி உண்டு. சிங்கப்பூருக்குள் எந்த இரண்டு இடத்தை எடுத்தாலும் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். சென்னைக்கும் மும்பைக்கும் நடுவே இப்படி ஒரு யோசனை வந்தால் இயற்பியலே வேண்டாம் என்று சொல்லிவிடும். இங்கே இயற்பியல் தலையாட்டிவிடுகிறது. வேண்டாம் என்று சொல்லும் வேலை நம் தலையில் விழுகிறது.

அந்த 320 மைக்ரோவினாடியும் சும்மா போவதில்லை. ஒரு பழைய பயன்பாடு ஒரு திரையைக் காட்ட 2,000 கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாக டேட்டாபேஸிடம் கேட்கிறது என்று வையுங்கள். பயன்பாடும் டேட்டாபேஸும் ஒரே ரேக்கில் இருந்தவரை யாருக்கும் தெரியாது. யாரோ பயன்பாட்டை மட்டும் ஜூரோங்குக்கு நகர்த்தினால், ஒவ்வொரு திரைக்கும் 0.64 வினாடி கூடுகிறது. "சிஸ்டம் ஸ்லோ" என்று புகார் வரும். நெட்வொர்க் வரைபடத்தில் எல்லாம் பச்சையாக இருக்கும். லேன் நீண்டிருப்பதால் விஎம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

கேட்வே (லேனை விட்டு வெளியே போகும் வாசல்) தை செங்கில், ஃபயர்வாலும் தை செங்கில், விஎம் மட்டும் ஜூரோங்கில் என்றால் இன்னும் மோசம். பக்கத்து ரேக்கில் இருக்கும் இன்னொரு விலானுக்கு (அதே ஸ்விட்ச்களில் பிரித்து வைத்த தனி லேன்) போக வேண்டிய பாக்கெட், தீவைத் தாண்டிப் போய், ஃபயர்வாலைப் பார்த்துவிட்டு, மறுபடி தீவைத் தாண்டி வரும். புக்கிட் பாத்தோக்கிலிருந்து கிளமென்டிக்குப் போக சாங்கி வழியாகப் போவது போல.

நேரடி ட்ரங்க்: மலிவு, எளிது, ஆபத்து

முதல் வழி எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. ஒரு ஜோடி டார்க் ஃபைபர் வாடகைக்கு எடுத்து, இரண்டு முனையிலும் ஸ்விட்ச்சில் செருகி, எல்லா விலானையும் ஒரே இணைப்பில், அதாவது ட்ரங்க்கில், விட்டுவிடுவது. அரை நாள் வேலை. மாத வாடகை எவ்வளவு வேகத்தில் ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்ததில்லை. இன்று 10 ஜி (வினாடிக்கு 10 கிகாபிட்), நாளை 100 ஜி, வாடகை அதேதான்.

ஃபைபர் பக்கம் ஒரு சின்ன கணக்கைப் போட்டே ஆக வேண்டும். 1550 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.25 டெசிபெல் ஒளி இழப்பு என்றால் 32 கிலோமீட்டருக்கு 8. நாலு பேட்ச் பேனலுக்கு 2, வழியில் உள்ள ஒட்டுகளுக்கு 1. மொத்தம் 11. 10 ஜி இஆர் மாட்யூலின் (ஸ்விட்ச்சில் செருகி ஒளி அனுப்பும் சிறு கருவி) விளம்பரத்தில் 40 கிலோமீட்டர் என்று இருக்கும். தரநிலை அனுமதிக்கும் இழப்போ ஏறத்தாழ 11 டெசிபெல்தான். முதல் நாளே மூச்சு முட்டும். நாளைக்கு யாராவது பேட்ச் கார்டைத் துடைக்காமல் செருகினால் போச்சு. சரி, 80 கிலோமீட்டர் இசட்ஆர் மாட்யூல் போடலாம் என்றால், அது எதிர்ப்பக்கம். அதன் ஒளி பலமானது. ரிசீவர் சுமார் மைனஸ் 7 டிபிஎம்முக்கு (ஒளியின் பலத்துக்கான அலகு) மேல் வாங்காது. பிளஸ் 4-இல் அனுப்பி 11 இழந்தால் சரியாக அந்த விளிம்பில் நிற்கும். அதற்கு ஒளியைக் குறைக்கும் 5 டெசிபெல் அட்டென்யூவேட்டர் ஒன்று போட வேண்டும். சில வெள்ளி சமாச்சாரம்தான், ஆனால் அது இல்லாமல் மாட்யூல்கள் செத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். வாடகைக்குக் கொடுப்பவரிடம், இழை நெடுக இழப்பை அளந்து காட்டும் ஓடிடிஆர் அறிக்கையை இரு திசையிலும் கேட்டு வாங்குங்கள். இரண்டு இழைக்கும், தனித்தனியாக.

இனி ஆபத்து. சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படித்தான் இருந்தது. இரண்டு தரவு நிலையம், நடுவில் ட்ரங்க், எல்லா விலானும் இரு பக்கமும். ஒரு புதன்கிழமை இரவு, சோதனை ரேக்கில் இருந்த ஒரு மலிவு ஸ்விட்ச்சில் ஒரே பேட்ச் கார்டின் இரண்டு முனையும் செருகப்பட்டுவிட்டன. அந்தப் போர்ட்டில், இப்படி வட்டம் உருவானால் அடைத்துவிடும் ஸ்பேனிங் ட்ரீயை யாரோ எப்போதோ அணைத்து வைத்திருந்தார்கள். ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல் என்று ஓர் ஆயுள் எண் உண்டு. ரூட்டரைத் தாண்டத் தாண்ட அது குறைந்து, கடைசியில் பாக்கெட் செத்துவிடும். லேனுக்குள் அதைச் சுமக்கும் ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி எதுவும் கிடையாது. இந்த ஐபி யாருடையது என்று எல்லோரிடமும் கேட்கும் ஏஆர்பி பிராட்காஸ்ட் ஒன்று வட்டத்துக்குள் மாட்டினால் சாகாமல் சுற்றும், சுற்றும்போதே பெருகும். சில வினாடிகளில் முதன்மை நிலையத்தின் ஸ்விட்ச்கள் திணறின. அதே வினாடிகளில் ட்ரங்க் வழியாக எல்லாம் காப்பு நிலையத்துக்கும் போய்ச் சேர்ந்தது. பேரிடர் மீட்புக்காக மாதாமாதம் காசு கட்டி வைத்திருந்த இடம், பேரிடரோடு சேர்ந்தே படுத்தது. கடைசியில் ஒருவர் டாக்சி பிடித்துப் போய் ஃபைபரைக் கையால் பிடுங்கினார். ரிமோட்டில் உள்ளே போக வழியில்லை. கருவிகளை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் விலானும் அதே ட்ரங்க்கில்தான் போய்க்கொண்டிருந்தது.

இந்த வழியையே பாதி பாதுகாப்பாகச் செய்யலாம். இரு பக்கமும் இரண்டு இரண்டு ஸ்விட்ச்சை எம்லாக்கில் (இரண்டு ஸ்விட்ச்சை ஒன்றாகக் காட்டும் முறை) சேர்த்து, இரண்டு ஃபைபரை ஒரே கட்டாக்கினால் வட்டமே உருவாகாது; இணைப்பின் மேல், ஸ்பேனிங் ட்ரீயின் செய்திகளான பிபிடியுவுக்கு வடிகட்டி போட்டு ஸ்பேனிங் ட்ரீயை இரண்டாக வெட்டிவிடலாம். கேட்வே ஒவ்வொரு பக்கமும் தனியாக வேலை செய்ய கேட்வேக்கள் ஒன்றையொன்று விசாரிக்கும் எச்எஸ்ஆர்பி செய்திகளைத் தடுக்கலாம். ஒரு இழை மட்டும் அறுந்து ஒரு திசை மட்டும் ஓடும் நிலையைக் கண்டுபிடிக்க யுடிஎல்டி. பிராட்காஸ்ட் வெள்ளத்துக்கு வரம்பு வைக்க ஸ்டார்ம் கன்ட்ரோல். இத்தனையும் போட்டபின் இது மலிவான எளிய வழியாக இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டே தளம், இரண்டு மூன்று விலான் என்றால் இருக்கிறது. மூன்றாவது தளம் வந்த அன்று இது உடையும்.

அலைநீளமாக வாங்குவது

ஒரே ஜோடி இழையில் ஈதர்நெட்டும் ஸ்டோரேஜ் பேசும் நெறிமுறையான ஃபைபர் சேனலும் போக வேண்டுமென்றால் அலைநீளங்களாகப் பிரிக்க வேண்டும். ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் சிடபிள்யுடிஎம் பெட்டி மின்சாரமே தேவைப்படாத வெறும் கண்ணாடிச் சமாச்சாரம். எட்டு சேனல் சாதாரணமாகக் கிடைக்கும். தூரம் கூடினால் பெரும்பாலான சேனல்களை இடிஎஃப்ஏ பெருக்கியால் பெருக்க முடியாது என்பதுதான் குறை. அதற்குத்தான் அலைநீளங்களை இன்னும் நெருக்கமாக அடுக்கும் டிடபிள்யுடிஎம். 2020-இல் ஓஐஎஃப் என்ற ஒளியிணைப்புத் தொழில் அமைப்பு வெளியிட்ட 400இசட்ஆர் ஒப்பந்தத்துக்கு அப்புறம், 400 ஜி கோஹெரன்ட் (நீண்ட தூர டிடபிள்யுடிஎம்) மாட்யூலை நேராக ஸ்விட்ச்சிலேயே செருகலாம். தம்பியின் இரண்டு ரேக்குக்கு அது யானைக்குட்டி வாங்குவது போல.

ஃபைபர் சேனல் நீட்டுபவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: பஃபர் கிரெடிட், அதாவது பதில் வருமுன் எத்தனை ஃபிரேம் அனுப்பலாம் என்ற கணக்கு. முழு அளவு ஃபிரேம்களுக்கு 16 ஜி-யில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 கிரெடிட். 32 கிலோமீட்டருக்கு 256. ஸ்விட்ச் போர்ட்டில் அவ்வளவு இல்லையென்றால் இணைப்பு உயிரோடு இருக்கும், வேகம் மட்டும் வராது.

டெல்கோவின் ஈதர்நெட் லைன்

தம்பியின் மேனேஜருக்குப் பிடித்த வழி இது. காரணம் புரிகிறது: ஒரு பில், ஒரு ஹாட்லைன் எண், சேவை உறுதி. ஒளியின் அளவைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். வேகத்துக்கு ஏற்ப விலை. 1 ஜி போதுமென்றால் டார்க் ஃபைபரைவிடச் சிக்கனமாகக்கூட வரலாம்.

ஆனால் நடுவில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதை மறக்க முடியாது. ஜூரோங் முனை செத்தால், தை செங்கில் உங்கள் போர்ட் பச்சையாகவே எரியும். அது டெல்கோவின் பெட்டியோடுதான் கை குலுக்கிக்கொண்டிருக்கிறது. எதிர்முனை போனால் இந்த முனையையும் இறக்கும் வசதி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், அதோடு நில்லாமல், எதிர்முனை உயிரோடிருக்கிறதா என்று விடாமல் கேட்கும் பிஎஃப்டி போடுங்கள். லைன்களைக் கட்டாக்கும் உங்கள் எல்ஏசிபி ஃபிரேம்களையும், ஃபிரேம்களைக் குறியாக்கம் செய்யும் மேக்செக்கின் சாவிப் பேச்சையும் டெல்கோ கருவி விழுங்கிவிடலாம். மூன்று தளங்களைச் சேர்க்கும் விபிஎல்எஸ் வாங்கினால் எத்தனை மேக் முகவரி (நெட்வொர்க் கருவியின் அடையாள எண்) வரை என்று ஒரு வரம்பு ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும்.

இதிலெல்லாம் அதிகம் கடிப்பது எம்டியு, அதாவது ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச அளவு. 1,500 பைட்டுக்கு மேல் விடாத லைனை வாங்கி அதன்மேல் விஎக்ஸ்லான் (லேன் ஃபிரேமை ஐபி பாக்கெட்டுக்குள் உறையிட்டு அனுப்பும் முறை) ஓட்டினால், அதன் உறை 50 பைட் கூடுதல். பிங் போகும். எஸ்எஸ்எச் திறக்கும். கடவுச்சொல் கேட்கும். பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போது அப்படியே நிற்கும். இதை ஃபயர்வால் கோளாறு என்று நினைத்து மூன்று நாள் செலவழித்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன். படிவத்தில் "ஜம்போ ஃபிரேம் ஆதரவு" என்ற பெட்டியில் டிக் இருந்தால் போதாது, எத்தனை பைட் என்று எண்ணாக எழுதி வாங்குங்கள். 1,600 குறைந்தபட்சம், 9,000 கிடைத்தால் நிம்மதி.

விஎக்ஸ்லானும் இவிபிஎன்னும்

நீட்டியே ஆக வேண்டுமென்றால் இன்றைக்கு நான் கை காட்டுவது இதைத்தான். இரண்டு நிலையத்துக்கும் நடுவே வெறும் ஐபி ரூட்டிங். கீழே டார்க் ஃபைபரோ டெல்கோ லைனோ, அதற்குக் கவலையில்லை. அதன்மேல், வேண்டிய விலானை மட்டும் விஎக்ஸ்லான் உறைக்குள் வைத்து அனுப்புவது. விஎக்ஸ்லான் 2014-இல் இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 7348 ஆக வந்தது. எந்த மேக் முகவரி எந்தப் பக்கம் என்பதை பிஜிபி (ரூட்டர்கள் பாதைகளை அறிவிக்கும் நெறிமுறை) மூலம் சொல்லும் இவிபிஎன் 2015-இல் ஆர்எஃப்சி 7432 ஆக.

நேரடி ட்ரங்க்கில், மேக் முகவரி எங்கே என்று தெரியாவிட்டால் ஸ்விட்ச் எல்லாப் பக்கமும் கத்திக் கேட்கும். இவிபிஎன்னில் ஒவ்வொரு பக்கமும் தன்னிடம் யார் இருக்கிறார்கள் என்று முன்கூட்டியே பட்டியல் கொடுத்துவிடும். ஏஆர்பி கேள்விக்கு உள்ளூர் ஸ்விட்ச்சே பதில் சொல்லிவிடும். அது ஃபைபரைத் தாண்ட வேண்டியதில்லை. ஸ்பேனிங் ட்ரீ தாண்டாது. இரு பக்கமும் ஒரே முகவரியோடு எனிகாஸ்ட் கேட்வே போட்டால் விஎம் எந்தப் பக்கம் போனாலும் அதன் கேட்வே அந்தப் பக்கத்திலேயே இருக்கும், சாங்கி சுற்றுப்பயணம் மிச்சம். ஒரே மேக் முகவரி இரண்டு பக்கமும் மாறி மாறித் தெரிந்தால், 180 வினாடிக்குள் ஐந்து முறை தாவினால், அதை நகல் என்று முடிவு செய்து நிறுத்திவிடலாம். என் புதன்கிழமை இரவுக்கு இது ஓரளவு மருந்து.

ஓரளவுதான். பிராட்காஸ்ட் பாக்கெட் இன்னும் உறைக்குள் ஏறி மறுபக்கம் போகத்தான் செய்யும். அதற்கு எல்லையில் வேக வரம்பு போட வேண்டும். விற்பனையாளர்கள் இதை ஸ்லைடில் சின்ன எழுத்தில் போடுவார்கள்.

இன்னொரு விலை, ஆள். மூன்று பேர் உள்ள நெட்வொர்க் குழுவில் பிஜிபி தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தால், அவர் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருக்கும் நாளில் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். நான்கு ஸ்விட்ச், இரண்டு தளம் என்ற அளவில் இதன் கட்டமைப்பு ஒரு பக்கத்தில் அடங்கிவிடும், பயப்படும் அளவுக்கு இல்லை. ஆனால் கெட்டுப்போனால் எங்கே பார்ப்பது என்பதைக் குறைந்தது இருவர் பழகியிருக்க வேண்டும். ஓடிவி என்று சிஸ்கோ 2010 வாக்கில் கொண்டுவந்ததும் இதே நோக்கம்தான். ஏற்கெனவே வைத்திருப்பவர் ஓட்டட்டும், புதிதாகப் போகிறவருக்கு அது தேவையில்லை.

நீட்டாமலே விடுவது

ஒப்பீட்டில் இந்த வழியை யாரும் சேர்ப்பதில்லை, ஏனென்றால் விற்க எதுவும் இல்லை. தை செங்குக்கு ஒரு ஐபி தொகுதி, ஜூரோங்குக்கு வேறு. நடுவில் ரூட்டிங் மட்டும். டேட்டாபேஸ் தன் நகலைத் தானே அனுப்பிக்கொள்ளும். இடம் மாறினால், பெயருக்கு ஐபி சொல்லும் டிஎன்எஸ் பதிவு மாறும்.

"அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது" என்பார்கள். சிங்கப்பூர் நாணய ஆணையம் வங்கிகளின் முக்கியமான அமைப்புகளுக்கே மீட்பு நேரமாக 4 மணி நேரத்தை வரம்பாக வைத்திருக்கிறது. 12 மாதத்தில் திட்டமிடாத மொத்த முடக்கமும் 4 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. டிஎன்எஸ் பதிவின் ஆயுளை 60 வினாடியாக வைத்திருந்தால், மாற்றம் பரவ ஆகும் நேரம் அதில் ஒரு துளி. நேரத்தைத் தின்பது வேறு: யார் முடிவெடுப்பது, எந்த வரிசையில் எழுப்புவது, காப்புப் பக்கத்தில் கடைசியாக எப்போது சோதித்தோம்.

2023 அக்டோபர் 14 நினைவிருக்கும். ஒரு தரவு நிலையத்தில் குளிரூட்டும் அமைப்பில் கோளாறு. டிபிஎஸ், சிட்டிபேங்க் இரண்டின் சேவைகளும் அந்தச் சனிக்கிழமை பிற்பகலில் விழுந்தன. ஏறத்தாழ 25 லட்சம் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை. இரண்டு வங்கிகளும் உடனே காப்பு நிலையத்துக்கு மாற முயன்றன. நாடாளுமன்றத்தில் பிறகு சொல்லப்பட்ட காரணம்: ஒன்றுக்கு நெட்வொர்க் அமைப்பில் பிழை, மற்றொன்றுக்கு இணைப்புச் சிக்கல். காப்பு நிலையம் இருந்தது, மாறும்போதுதான் தடுக்கியது. அந்த வாரம் என் வாட்ஸப் குழுக்களில் குளிரூட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லோரும் தங்கள் டிஆர் (பேரிடர் மீட்பு) சோதனையின் தேதியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஐபி மாறக்கூடாது என்ற தேவைக்கும் பல நேரம் லேன் தேவையில்லை. தம்பியின் கிடங்கில் கைஸ்கேனர்கள் எல்லாவற்றிலும் சர்வரின் ஐபி நேரடியாக எழுதப்பட்டிருக்கிறது. "இதுக்காகத்தான் அண்ணே நீட்டணும்." வேண்டாம். அந்த ஒரே ஒரு முகவரியை /32 ரூட்டாக பிஜிபியில் தை செங் அறிவிக்கட்டும். தை செங் விழுந்தால் ஜூரோங் அறிவிக்கட்டும். ஸ்கேனருக்கு வித்தியாசமே தெரியாது.

கோடு உண்மையில் எங்கே ஓடுகிறது

எந்த வழியை எடுத்தாலும் இரண்டு இணைப்பு வேண்டும். இரண்டும் வேறு வேறு மண்ணில் போக வேண்டும். இரண்டு டெல்கோவிடம் வாங்கினால் இரண்டு பாதை என்று நம்புவது இந்த ஊரின் பழைய தவறு. 2013 அக்டோபர் 9 அன்று புக்கிட் பாஞ்சாங் எக்ஸ்சேஞ்சில் கேபிள் அறையில் தீப்பிடித்தது. கட்டடம் சிங்டெல்லுடையது, ஆனால் ஸ்டார்ஹப், எம்1 வாடிக்கையாளர்களும் பாதிக்கப்பட்டார்கள், ஏனென்றால் இழைகள் அந்த ஒரே அறை வழியாகத்தான் போயின. அடுத்த ஆண்டு அன்றைய ஒழுங்குமுறை அமைப்பான ஐடிஏ சிங்டெல்லுக்கு 60 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. பில்லில் மூன்று பெயர் இருக்கலாம், மண்ணுக்கடியில் குழாய் ஒன்றாக இருக்கலாம்.

இன்றும் வீடு, அலுவலகங்களுக்கான இழைகளில் பெரும்பகுதி நெட்லிங்க் டிரஸ்ட்டின் குழாய்களில் ஓடுகிறது. எஸ்பிடெல் மின்கேபிள் பாதைகளை ஒட்டிய இழைகளைப் பயன்படுத்துகிறது. ஆகவே வேறுபட்ட பாதை இங்கே கிடைக்காமல் இல்லை, கேட்டு வாங்க வேண்டும். வரைபடக் கோப்பாகக் கேளுங்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கடைசி 200 மீட்டரில்தான் சேர்ந்திருக்கும்: தரவு நிலையத்தின் ஒரே மேன்ஹோல், ஒரே நுழைவு. இன்னொன்று, இன்று பிரிந்திருக்கும் பாதையை நாளை டெல்கோ வசதிக்காக மாற்றிவிடலாம். முன்கூட்டித் தெரிவிக்காமல் மாற்றக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். குறுக்குத் தீவு ரயில் பாதைக்குத் தோண்டிக்கொண்டிருக்கும் காலத்தில் இது வீண் பயமில்லை.

மேனேஜர் மலேசியாவின் ஜோகூரையும் கேட்டாராம், அங்கே இடம் மலிவு என்று. 2019-இல் இங்கே புதிய தரவு நிலையங்களுக்குப் போட்ட தடை 2022 தொடக்கம் வரை நீடித்தது. அதில் பல திட்டங்கள் கடற்பாலத்தைத் தாண்டிப் போயின. தூரம் 80, 100 கிலோமீட்டர் என்றாலும் போய் வர ஒரு மில்லிவினாடிதான். ஆனால் இரண்டு நாடு, இரு பக்கமும் வெவ்வேறு உரிமம், அறுந்தால் யார் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்வி. அங்கே நகலை அனுப்பி வையுங்கள். லேனை அனுப்ப வேண்டாம்.

தம்பியின் படம் எப்படி முடிந்தது

மொத்தம் 26 விலான். இரண்டு மாலை உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் "நீட்டாவிட்டால் என்ன உடையும்?" என்று கேட்டோம். மேனேஜ்மென்ட், சோதனை, பேக்கப் விலான்கள் முதல் சுற்றிலேயே விழுந்தன. ஸ்கேனர் /32-க்குப் போனது. மிஞ்சியது ஒன்று: இரண்டு பக்கமும் ஒரே விர்ச்சுவல் ஐபியைப் பகிரும் டேட்டாபேஸ் கிளஸ்டர்.

தடித்த கோடு இப்போது இரண்டு மெல்லிய கோடுகள். ஒன்று டார்க் ஃபைபர் ஜோடி, மேக்செக்கோடு. மற்றொன்று வேறு நிறுவனத்தின் 1 ஜி ஈதர்நெட் லைன், வேறு பாதையில், 1,600 பைட் என்று எழுத்தில் வாங்கியது. இரண்டின் மேலும் ரூட்டிங், பிஎஃப்டி. அந்த ஒரு விலானுக்கு மட்டும் இவிபிஎன். இணைப்பு இரண்டும் அறுந்தால் டேட்டாபேஸின் எந்தப் பாதி உயிரோடிருப்பது என்று சொல்ல, கிளவுடில் ஒரு சாட்சி சர்வர்.

போன சனிக்கிழமை இரவு சோதித்தார்கள். முதல் ஃபைபரைப் பிடுங்கினார்கள். ஒரு வினாடிக்குள் மற்றதுக்கு மாறியது, யாரும் கவனிக்கவில்லை. இரண்டையும் பிடுங்கியபோது தை செங் பாதி ஓடிக்கொண்டிருந்தது, சரி. அப்புறம் தை செங்கை அணைத்துப் பார்த்தார்கள். ஜூரோங் எழவில்லை. அது சாட்சியைத் தேடிக்கொண்டே நின்றது. ஜூரோங் ரேக்குக்கென்று தனி இணைய லைன் இன்னும் வரவில்லை. சாட்சி சர்வரை அது தை செங்கின் இணையம் வழியாகத்தான் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தது.

லைனுக்கு ஆர்டர் போட்டாயிற்று. மறு சோதனை அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை.